மலை தாண்டி வந்த வாத்தும் நேர்ந்துவிட்ட சேவலும்

கடற்கரையில் பிறந்தவனுக்குக் கரிசல் காடு வெளிநாடு மாதிரிதான். எங்கள் ஊர் கோடியக்கரைப் பக்கம். மணலையும் உப்பளச் சேற்றையும் தவிர வேறு மண்ணை நான் அதிகம் மிதித்ததில்லை. ஐந்தாவது முடித்ததும் வலை கட்டப் போனேன். மீன் வலை இல்லை, பறவை வலை. ஆராய்ச்சிக்காரர்கள் காலில் வளையம் மாட்டிப் பறக்கவிடுவதற்காகப் பறவைகளை அடிபடாமல் பிடித்துக் கொடுக்கிற வேலை. அப்படிப் பழக்கமானவர்தான் டாக்டரம்மா. கால்நடை மருத்துவம் படித்தவர். ஒரு தை மாதம் கூப்பிட்டு, கோவில்பட்டிக்குக் கிழக்கே கொஞ்ச நாள் வேலை இருக்கிறது, வருகிறீர்களா என்று கேட்டார். யாரிடமும் முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவன் நான். சரி என்றேன்.

அதற்குச் சற்று முன்னால்தான் வடக்கே பறவைக் காய்ச்சல் வந்து, கோழிகளைச் சாக்கில் கட்டிக் குழியில் போடுவதைத் தொலைக்காட்சியில் காட்டியிருந்தார்கள். குளிர்காலத்தில் நம் குளங்களுக்கு வருகிற காட்டு வாத்துகள் அந்தக் கிருமியைக் கொண்டுவருகின்றனவா என்று பார்ப்பது டாக்டரம்மாவின் வேலை. வாத்துகளைப் பிடித்தோ, அவற்றின் எச்சத்தை எடுத்தோ அனுப்பினால், ஆய்வுக்கூடத்தில் கிருமி இருக்கிறதா, இருந்தால் எந்த வம்சத்தைச் சேர்ந்தது என்று கண்டுபிடித்துவிடுவார்களாம்.

கோவில்பட்டியில் விடியற்காலையில் ரயில் நின்றது. நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் வறுத்த கடலையும் வெல்லப்பாகும் கலந்த வாசனை. தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற பெண்கள் தூக்குவாளியோடு வேனுக்காக நின்றிருந்தார்கள். எங்களுக்காக ஜீப்போடு காத்திருந்தவர் மாரிச்சாமி, அந்த ஊர்க்காரர். என் கையிலிருந்த வலைச் சுருளைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சிதான் வாத்து பிடிக்க ஆளா?" என்றார். என்னை அதுவரை யாரும் அண்ணாச்சி என்று கூப்பிட்டதில்லை. பின்னால் வேறு யாரோ நிற்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன்.

இட்லியும் கருப்பட்டிக் காபியும் சாப்பிட்டோம். எங்கள் ஊரில் காலைப் பலகாரத்துக்கே பழைய மீன் குழம்பு இருக்கும். இங்கே மூன்று விதச் சட்னி வந்தும் எனக்கு என்னவோ குறைந்தது. எதிரே கோழிக்கறிக் கடை பூட்டியிருந்தது. பலகையில் கரியால் 'விடுமுறை' என்று எழுதியிருந்தார்கள். நான் அதைப் படிப்பதைப் பார்த்த மாரிச்சாமி, "லீவு கோழிக்குத்தான் அண்ணாச்சி, நமக்கு இல்ல. ஏறுங்க" என்றார்.

பசுவந்தனையைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் கறுப்பு. கடலைப் போலவே கண்ணுக்கு எட்டிய மட்டும் தட்டையாகக் கிடந்தது நிலம். உளுந்து பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். கொத்தமல்லிக் காட்டை ஜீப் கடக்கும்போது பேச்சு தானாக நின்று, எல்லோரும் மூச்சை இழுத்துக்கொண்டோம். நாங்கள் தங்கிய ஊரின் பெயரை எழுதவில்லை. எழுதினால் இப்போதுகூட யாராவது அந்த ஊர் முட்டையை வாங்க யோசிப்பார்கள்.

ஊராட்சியின் டிவி அறையில் எங்களுக்கு இடம் கொடுத்தார்கள். மூன்று பக்கச் சுவர், முன்பக்கம் கம்பிக் கதவு, உயரத்தில் ஒரு கூண்டுக்குள் தொலைக்காட்சிப் பெட்டி. சாயங்காலம் ஊரே வந்து உட்கார்ந்து பார்க்கும். பார்த்து முடித்துப் போன பிறகு நாங்கள் பாயை விரிப்போம். எடுக்கிற மாதிரிகளை வைக்கக் கொண்டுவந்த ஐஸ் பெட்டிதான் டாக்டரம்மாவுக்குத் தலைமாடு. பெண்பிள்ளை அங்கே படுக்கக் கூடாது என்று ஊர்க்காரர்கள் சொல்லி, இரண்டாம் நாளிலிருந்து பேச்சியம்மாள் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். பெட்டிக்கு நானும் மாரிச்சாமியும் காவல்.

பேச்சியம்மாள் எங்களுக்குச் சமைத்துப் போட்டவர். என் வயதுதான் இருக்கும். முதல் நாள் கறுப்பு உளுந்து போட்டு உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் வைத்தார். நான் மீனை மறந்தது அந்த ஒரு வேளைதான். அவருடைய கணவர் பட்டாசு ஆலையில் வேலை பார்த்தபோது தீப்பட்டு, பிழைக்க மாட்டார் என்று ஆஸ்பத்திரியில் கைவிட்டார்களாம். ஊர்ச் சாமி மாடசாமிக்குச் சேவல் நேர்ந்து, ஆள் எழுந்து வந்துவிட்டார். வலது கை மடங்கியபடியே நிற்கிறது. ஆடு மேய்க்கிறார். பங்குனியில் கோயில் கொடைத் திருவிழா, அன்றைக்குத்தான் சேவலைச் சாமிக்கு அறுப்பார்கள். அந்த நேர்ச்சைச் சேவல் முற்றத்திலேயே நடமாடிக்கொண்டிருந்தது. செங்கறுப்பு நிறம், காலில் மஞ்சள் கயிறு. காயப்போட்டிருந்த உளுந்தில் இறங்கிக் கிளறியது. யாரும் விரட்டவில்லை. அந்த ஊரில் வீட்டுக்கு வீடு சேவல் என்றால் இப்படிக் கொடைக்கு நேர்ந்துவிட்டதுதான்.

என் இலையில் மிச்சமிருந்த சோற்றை உருட்டி அதன் வாய்க்கு நேரே நீட்டினேன். பேச்சியம்மாள் ஓடிவந்து என் கையைத் தட்டிவிட்டார். பிறகு அவரே சங்கடப்பட்டுக்கொண்டு விளக்கினார். நேர்ந்துவிட்ட சேவலைக் கட்டக் கூடாது, அடைக்கக் கூடாது, விற்கக் கூடாது. தரையில் தூவினதை அதுவாகப் பொறுக்கித் தின்ன வேண்டும். மனுசக் கை அதன் வாய்க்குள் எதையும் வைத்துவிட்டால் எச்சில் பட்டதாகிவிடும். அப்புறம் சாமிக்கு ஆகாது, அந்த ஆளுக்கும் ஆகாது. மடங்கிய கையோடு உட்கார்ந்திருந்த கணவர் சேவலையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் காது சுட்டது.

மறுநாள் இருட்டோடு குளத்துக்குப் போனோம். முந்தின இரவு லேசாகத் தூறியிருந்தது. எங்கள் ஊரில் சேறு என்றால் கால் உள்ளே போகும், உருவினால் வந்துவிடும். கரிசல் அப்படி விடாது. ஒவ்வொரு எட்டுக்கும் செருப்பில் ஒரு சுற்று ஏறியது. கொஞ்ச தூரத்தில் நான் இரண்டு காலிலும் அம்மிக்கல்லைக் கட்டிக்கொண்டு நடப்பவன் போல ஆகிவிட்டேன். ஜீப் பாதியிலேயே நின்றுவிட்டது. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு போனோம்.

குளத்தில் வரித்தலை வாத்துகள் இருந்தன. சாம்பல் உடம்பு, வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டை. எங்கள் பக்கம் நான் அவற்றைப் பார்த்ததில்லை. இமயமலைக்கு அந்தப் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, மலைக்கு மேலேயே பறந்து இங்கே வருகின்றனவாம். ராத்திரியில் உளுந்துக் காட்டில் இறங்கி மேய்ந்துவிட்டுப் பகலில் தண்ணீரில் கிடக்கின்றன. நான் போட்ட கண்ணிகளுக்கு அவை வரவே இல்லை. முளை அடித்த இடமெல்லாம் ஈரத்தில் இளகிப் படுத்துவிட்டது. சிறகி என்கிற சின்ன வாத்துகள் இரண்டு மட்டும் மாட்டின. அவற்றின் தொண்டையிலும் பின்புறத்திலும் பஞ்சுக் குச்சியால் துடைத்து எடுத்துவிட்டுப் பறக்கவிட்டோம். மற்றபடி கரையில் கிடந்த ஈரமான எச்சங்களைத் தேடிப் பொறுக்குவதுதான் வேலை. ஒவ்வொன்றையும் குச்சியில் தொட்டு, மருந்து நீர் இருக்கிற குழாயில் விட்டு, ஐஸில் வைக்க வேண்டும். சூடு பட்டால் கிருமி சிதைந்துபோகும்.

குனிந்தபடியே டாக்டரம்மாவிடம் கேட்டேன், எச்சத்தை வைத்து வம்சம் எப்படித் தெரியும் என்று. கிருமிக்குள்ளும் எழுத்து வரிசை மாதிரி ஒன்று இருக்கிறது, ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிக்கொண்டே போகும்போது அங்கங்கே பிழை விழும் என்றார். ஒரே பிழை இரண்டு கிருமிகளில் இருந்தால் இரண்டும் ஒரே வழியில் வந்தவை. அப்படிப் பார்த்துத்தான் இந்தக் குளத்துக் கிருமி மங்கோலியாவில் இருப்பதற்குச் சொந்தமா, வங்காளத்தில் இருப்பதற்குச் சொந்தமா என்று சொல்கிறார்கள். கோழியைக் கொல்லும் வகை எது, வாத்து சளி மாதிரி சுமந்துவிட்டுப் போகிற சாது வகை எது என்பதும் அந்த எழுத்தில் தெரிந்துவிடும். வாத்துகளிடம் பெரும்பாலும் சாது வகைதான் இருக்கும் என்றும் சொன்னார்.

கரைமேல் வேட்டியை மடித்துக் கட்டிய இரண்டு பெரியவர்கள் நின்று எங்களைப் பார்த்துத் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த ஊரில் பாதி வீடுகளில் தெலுங்குதான் பேச்சு. ஒருவர் ஏதோ சொல்ல மற்றவர் பல் தெரியச் சிரித்தார். மாரிச்சாமி எனக்கு மெதுவாகச் சொன்னார்: படித்த பிள்ளை இப்படிப் பீ பொறுக்குகிறதே, இதற்கா இவள் அப்பா நிலத்தை விற்றுப் படிக்க வைத்தான் என்கிறார் ஒருவர். இன்றைக்கு எச்சத்தை எண்ணுகிறார்கள், நாளைக்கு அதற்கும் வரி போடுவார்கள் பார் என்கிறார் மற்றவர்.

திரும்பி வந்தபோது ஊர் முகம் மாறியிருந்தது. மேற்குத் தெருவில் நாலைந்து வீடுகளில் கோழிகள் செத்துக் கிடந்தன. சாகாதவை கழுத்தைத் திருகிக்கொண்டு வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்தன. டாக்டரம்மா முகமூடி, கையுறை, முழு அங்கியோடு போய்ப் பார்த்தார். கோழிகளுக்கு அடிக்கடி வருகிற வெள்ளைக் கழிச்சல் என்று தோன்றுகிறது, ஆனால் பறவைக் காய்ச்சலும் இப்படியே இருக்கலாம், கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது என்றார். செத்த கோழிகளிலிருந்து மாதிரி எடுத்தார். மறுநாள் மற்ற வீடுகளில் உயிரோடு இருக்கிற கோழிகளின் தொண்டையிலும் குச்சி விட்டு எடுக்க வேண்டும், யாரும் கோழியை வெளியூருக்குக் கொண்டுபோகக் கூடாது என்று சொல்லிவைத்தார்.

அன்று சாயங்காலம் டிவி அறையில் கூட்டம். செய்தியில் வடக்கே ஏதோ ஒரு ஊரைக் காட்டினார்கள். அங்கி போட்ட ஆட்கள் கோழிகளைச் சாக்கில் திணித்துக் கட்டினார்கள். பகலில் டாக்டரம்மா போட்டிருந்த அதே மாதிரி வெள்ளை அங்கி. கூட்டம் டிவியைப் பார்த்தது, பிறகு மூலையில் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நான் என் கால் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாசலில் நின்ற டாக்டரம்மாவிடம் பேச்சியம்மாள்தான் கேட்டார். "நம்ம ஊர்லயும் அதுதான்னு வந்தா, இப்படித்தான் செய்வீயளா?"

"நான் செய்ய மாட்டேன். ஆனா அரசாங்கத்துல செய்வாங்க. சுத்துவட்டாரத்துல ஒண்ணு விடாம."

"சாமிக்கு விட்டதையும்?"

"கிருமிக்கு அது தெரியாதுங்களே."

பொய் சொல்லியிருக்கலாம் என்று மாரிச்சாமி பிறகு என்னிடம் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் அந்தப் பதிலுக்குப் பிறகு ஒருவரும் படம் பார்க்க உட்காரவில்லை. எழுந்து போய்விட்டார்கள்.

மூன்றாம் நாள் காலை நான் வழக்கத்தைவிடத் தாமதமாக எழுந்தேன். மாரிச்சாமி கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "என்ன அண்ணாச்சி, இந்த ஊர்ல ஒரு சேவலும் கூவலயே. டவுன்லயே கூவுமே" என்றார். டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னோம். அவர் சீப்பைக் கையில் வைத்தபடியே வீடு வீடாகப் போனார். பெட்டைகள் இருந்தன. குஞ்சுகள் இருந்தன. மஞ்சள் கயிறு கட்டிய சேவல் ஒன்றுகூட இல்லை.

பேச்சியம்மாள் முதலில் மேய்ச்சலுக்குப் போயிருக்கிறது என்றார். பிறகு நாய் துரத்தியது என்றார். கடைசியில் கணவர்தான் மடங்கிய கையால் கிழக்கைக் காட்டினார். முதல் பஸ்ஸில் ஊரே சேவலைக் கூடையில் வைத்து மேலே துண்டைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறது. மகள் வீடு, தங்கை வீடு, கொழுந்தியாள் வீடு. விளாத்திகுளம், எட்டயபுரம், சிலது அருப்புக்கோட்டை வரைக்கும். பேச்சியம்மாளின் சேவல் குளத்தூரில் மகள் முத்துலட்சுமி வீட்டில் இருந்தது.

டாக்டரம்மா கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் சத்தம் போடவில்லை. "காய்ச்சலா இருந்தா ஒரு ஊரோட போயிருக்கும். இப்போ தாலுகா முழுக்கப் பஸ் டிக்கெட் எடுத்துப் போயிருக்கு" என்று மட்டும் சொன்னார். பேச்சியம்மாள் அவருக்குக் காபி கொண்டுவந்து வைத்தார். டாக்டரம்மா அதைக் குடித்தார். அப்புறம் சேவல் போன ஊர்களை ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்லி மனதில் வாங்கிக்கொண்டு கிளம்பினோம்.

கிளம்புவதற்கு முன்னால் ஒரு வேலை. ஊரை விட்டுப் போகிற எந்த வண்டியிலும் செருப்பிலும் சேறு இருக்கக் கூடாது. அதிலேயே நோய் போய்விடும். டயருக்குள் ஏறின கரிசல் காய்ந்து சிமெண்டாகியிருந்தது. நானும் மாரிச்சாமியும் அரிவாள் முனையால் சுரண்டிச் சுரண்டி, மருந்துத் தண்ணீர் விட்டுக் கழுவினோம். "எங்க ஊர்ல பொண்ணு குடுக்கும்போதுகூட இவ்வளவு சுத்தம் பாக்கது இல்ல" என்றார் அவர்.

விளாத்திகுளத்தில் ஐஸ் வாங்கினோம். அங்கே இரண்டு சேவல்களைப் பார்த்தோம். இரண்டு வீட்டிலும் தொண்டையில் குச்சி விடச் சம்மதிக்கவில்லை. கும்பிட்டார்கள், காபி கொடுத்தார்கள், சேவலைத் தொடவிடவில்லை. வண்டியில் ஏறியதும் டாக்டரம்மா பெட்டியைத் திறந்து ஐஸைச் சரிபார்த்தார். குளத்து வாத்தை நாம் தொட்டா எடுத்தோம், எச்சத்தில் கிடைப்பது போதும் என்றார். அதற்கப்புறம் எங்கள் பயணம் சேவலுக்குப் பின்னால் உட்கார்ந்து காத்திருக்கிற பயணமாகிவிட்டது.

குளத்தூருக்கு மத்தியானம் போய்ச் சேர்ந்தோம். அந்தப் பக்கம் காற்றில் உப்பு இருந்தது. தூரத்தில் வெள்ளையாக உப்புக் குவியல்களைப் பார்த்ததும், எங்கள் ஊர்ப் பக்கம் வந்துவிட்டது போல இருந்தது. முத்துலட்சுமியின் மாமியார் கோழி வளர்க்கிறவர். பெட்டையும் குஞ்சுமாக வீட்டைச் சுற்றி மேய்ந்தன. முட்டை விற்றுத்தான் கைச்செலவு, பேத்திக்குக் கொலுசு எல்லாம். அவற்றுக்கு நடுவில் மஞ்சள் கயிறு கட்டின சேவல் மாப்பிள்ளை மாதிரி நடந்துகொண்டிருந்தது.

நான் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து அதன் பின்புறத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாமியார் உரல் பக்கத்திலிருந்து இதைப் பார்த்துவிட்டு, "ஏட்டி முத்து, இந்த அண்ணாச்சி என்னத்துக்கு நம்ம சேவல இப்படிப் பாக்காரு? பொண்ணு பாக்க வந்தவரு கூட இப்படிப் பாக்கலயே" என்றார். முத்துலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். வெகுநேரம் கழித்துச் சேவல் தயவு பண்ணியது.

புறப்படும்போது டாக்டரம்மா அந்தச் சேவலைத் தனியாகக் கட்டிவைக்கச் சொன்னார். மாமியார் நாக்கைக் கடித்துக்கொண்டார். சம்பந்தி வீட்டுச் சாமிக்கு விட்டதை எப்படிக் கட்டுவது, நாளைக்குத் தன் மகனுக்கே ஒன்று ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்றார். பெட்டைகளையாவது அடைத்து வையுங்கள் என்றார் டாக்டரம்மா. அதற்குத் தலையாட்டினார்கள். ஜீப் திரும்பும்போது பார்த்தேன், சேவலும் பெட்டைகளும் ஒரே குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தன.

மாதிரிகள் எல்லாம் கோவில்பட்டியிலிருந்து ரயிலில் போயின. டாக்டரம்மாவின் அலுவலக ஆள் ஒருவர் வந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனார். முதலில் அந்தக் கொடிய வகையா என்று மட்டும் பார்த்துச் சொல்வார்களாம். வம்சம் பார்ப்பதற்கு நாளாகும். அதுவரை நாங்கள் ஊரிலேயே இருந்தோம். சாப்பாடு வந்தது, பேச்சு வரவில்லை. பேச்சியம்மாள் சோற்றை வைத்துவிட்டு, டாக்டரம்மாவின் கைப்பேசி இருக்கிற பக்கமே பார்த்துக்கொண்டு நிற்பார். சிக்னல் குளத்தங்கரையில்தான் கிடைக்கும். நாங்கள் கரைக்குப் போனால் பின்னாலேயே நாலு பேர் வருவார்கள். வாத்துகள் அவர்கள் உளுந்தைத் தின்றுவிட்டுத் தண்ணீரில் கிடந்தன. ஒருவரும் கல் எறியவில்லை. அதுவும் அந்த ஊர் வழக்கம்தான், குளத்தில் இறங்கின பறவையை விரட்டுவதில்லை.

தகவல் ஒரு மத்தியானம் வந்தது. டாக்டரம்மா கேட்டுவிட்டு, முதலில் பின்னால் நின்ற பேச்சியம்மாளைப் பார்த்துத் தலையை இல்லை என்று அசைத்தார். கோழிகளுக்கு வந்தது பறவைக் காய்ச்சல் இல்லை. வெள்ளைக் கழிச்சல்தான். சிறகி ஒன்றில் காய்ச்சல் கிருமி இருந்தது, ஆனால் கொல்லாத வகை. வரித்தலை வாத்துகளில் ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தச் சாதுக் கிருமி எங்கிருந்து வந்தது என்று பிறகு பார்ப்பார்கள். பேச்சியம்மாள் அங்கேயே கரையில் உட்கார்ந்து, குளத்தைப் பார்த்துக் கும்பிட்டார். மாடசாமி கோயில் வேறு திசையில் இருந்தது.

அன்று ஊருக்குள் தடுப்பு மருந்து போட்டோம். ராத்திரி எங்களுக்குக் கோழிக்குழம்பு கொடுத்தார்கள். டாக்டரம்மாவே நன்றாக வேகவைக்கச் சொல்லி உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்டினார்.

மறுநாள் குளத்தூரிலிருந்து முத்துலட்சுமி பக்கத்து வீட்டுப் போனில் பேசினாள். பெட்டைகள் கழுத்தைத் திருகுகின்றன என்றாள். மருந்தை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். பேச்சியம்மாளும் கூடவே ஏறிக்கொண்டார். விளாத்திகுளத்தில் பரோட்டா வாங்கிக் கொடுத்தோம். பிரிக்காமலே மடியில் வைத்திருந்தார்.

போய்ச் சேர்ந்தபோது வேப்பமரத்தடியில் சாக்கைப் போட்டு மூடியிருந்தார்கள். குஞ்சுகள் முந்தின நாளே போய்விட்டன. மிச்சம் இருந்த இரண்டு பெட்டைகளும் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தலையைத் தரையில் வைத்தன. தெம்பான கோழிக்குத்தான் மருந்து போட முடியும். போட ஒன்றும் இல்லை. சேவல் மட்டும் சுவர்மேல் ஏறி நின்றது. கொண்டை வாடவில்லை. டாக்டரம்மா சுற்றிலும் சுண்ணாம்பு தூவச் சொன்னார்.

மாமியார் உரலில் சாய்ந்து நின்றார். அழவில்லை, திட்டவும் இல்லை. "உங்க சாமி சேவல பத்திரமா பாத்துக்கிட்டேன் மதினி" என்றார். "ஒரு எறகு குறையல. எண்ணிப் பாத்துக்கோங்க."

முத்துலட்சுமி அம்மாவையும் பார்க்கவில்லை, மாமியாரையும் பார்க்கவில்லை. பேச்சியம்மாள் என் பக்கம் திரும்பினார். டாக்டரம்மாவிடம் கேட்டிருக்கலாம். நான் பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான்.

"அண்ணாச்சி, இதுதான் கொண்டாந்துச்சா?"

சிலது நோயைச் சுமக்கும், ஆனால் அதுக்கு ஒன்றும் ஆகாது என்று டாக்டரம்மா ஊரில் சொன்னதை நானும் கேட்டிருந்தேன். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அவர் அதற்குப் பிறகு டாக்டரம்மாவிடம் போய், தொண்டையில் குச்சி விட்டுப் பாருங்கள் என்றார். டாக்டரம்மா வேண்டாம் என்றார். நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது, எச்சம் ஏற்கெனவே எடுத்தாயிற்று, இனிமேல் குச்சி விடுவதால் புதிதாகத் தெரிய ஒன்றுமில்லை, கொடைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று பொறுமையாக விளக்கினார்.

"தெரியுறதுக்கு இல்ல தாயீ" என்றார் பேச்சியம்மாள். "சாமிக்குன்னு இருக்க வரைக்கும் நான் இத யாருக்கும் குடுக்க முடியாது. எச்சில் பட்டா குடுக்கலாம்."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். சுவர்மேல் இருந்த சேவலைப் பிடிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. சிறகை அணைத்து, தலையை நிமிர்த்திப் பிடித்தேன். கைக்குள் அதன் நெஞ்சு படபடவென்று அடித்தது. டாக்டரம்மா கையுறை போட்டு, உறையைக் கிழித்துப் பஞ்சுக் குச்சியை எடுத்து, வாயைத் திறந்து தொண்டையில் ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தார். குழாயில் போட்டு மூடினார். சேவல் தலையை உதறியது.

பேச்சியம்மாள் குனிந்து அதன் காலிலிருந்த மஞ்சள் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தார். என் கையிலிருந்து சேவலை வாங்கி மாமியாரிடம் நீட்டினார். "இது உங்க வீட்டுது மதினி. அறுத்தாலும் சரி, வச்சிக்கிட்டாலும் சரி."

அந்த அம்மாள் உடனே வாங்கவில்லை. "உங்க வீட்டுக்காரவிய கைக்கு சாமிகிட்ட என்ன சொல்லுவீங்க?" என்று கேட்டார்.

"வேற ஒண்ணு நேருவேன். குஞ்சுல இருந்து வளக்கணும். வார கொடைக்கு ஆகாது, அடுத்த கொடைக்கு ஆகும். அதுவரைக்கும் அவிய கைய நான் பாத்துக்கிடுதேன்."

மாமியார் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சேவலை வாங்கினார். அதைக் கீழே விடப் போனபோது டாக்டரம்மா, கொஞ்ச நாளைக்குக் கட்டியே வையுங்கள், அதுவரை புதுக் குஞ்சு எதுவும் வாங்கி விடாதீர்கள் என்றார். இனிமேல் கட்டலாம்தான். முத்துலட்சுமி உள்ளே போய் ஒரு கயிறு கொண்டுவந்தாள்.